ஜாடியில் சாய்ந்த தண்ணீர்

சரோஜத்தின் வீட்டு முன்னறைக்குக் கான்கிரீட் கூரைத் தளம் போட்டு முழுசாகப் பதினைந்து நாள் ஆகவில்லை. அதற்குள் அடியில் முட்டுக் கொடுத்திருந்த கம்புகளையெல்லாம் நேற்றுப் பிடுங்கிவிட்டார்கள்.

"இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும் சார்" என்று மேஸ்திரி சொரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டுதான் சொன்னார். அவள் புருஷன் வேதமாணிக்கம் கேட்பாரா? சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷர். யார் பேச்சை என்றைக்குக் கேட்டார்! "நாளைக்கு நாலு மணிக்கு மாப்பிளைக்க அம்மா வாறாவ. அவியளை இந்தக் கம்புக் காட்டுக்குள்ளயா உக்காரவைக்கச் சொல்லுதீரு?" என்று ஓர் அதட்டல் போட்டார். கம்புகள் லாரி ஏறிவிட்டன.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் புதுத் தூண் பக்கமிருந்து 'டிக்'கென்று ஒரு சத்தம் வந்தது. கேட்டவள் சரோஜம் ஒருத்திதான். பயத்தில் ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து தூணைத் தடவிப் பார்த்தாள்.

விடிந்ததும் அந்தப் பயத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்தரியோடு வெளியே வந்தாள். வெறும் சிமெண்ட் சுவரைக் காட்டியா சம்பந்தியை உட்காரவைக்க முடியும்? வெள்ளை பூசவில்லை, தரை போடவில்லை. இருக்கிற குறையெல்லாம் மறைய வேண்டுமென்றால் பூ வைத்தாக வேண்டும். கடையில் வாங்கின பூ அல்ல, தன் கையால் வளர்த்த பூ. அந்த ஒரு விஷயத்தில் நேமம் சர்ச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மணலும் ஜல்லியும் குவிந்து கிடந்தன. கிணற்றடிக்கு இடம் மாற்றிய ஆந்தூரியம் தொட்டிகள் பிழைத்திருந்தன. பின்பக்கம் நந்தியாவட்டை இருந்தது. முன்னால், புதுத் தூணை ஒட்டி, பாதி வெட்டுப்பட்ட பாத்தியில் ஜீனியாக்கள் நெஞ்சு உயரத்துக்கு நின்றன. சிவப்பும் மஞ்சளுமாக, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வருஷா வருஷம் சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதலில் போவது இந்தப் பாத்தி ஜீனியாதான்.

"வேற எங்க நட்டாலும் கால்முட்டுக்கு மேல வளராது. இந்த எடத்துல மட்டும் என்ன மாயமோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நறுக்கினாள்.

அட்டைப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த ஜாடிகளில் நாலை மட்டும் மகள் அஜிதா வெளியே எடுத்து வைத்திருந்தாள். பித்தளை ஜாடி ஆந்தூரியத்துக்கு. பீங்கான் இரண்டும் நந்தியாவட்டைக்கு. நாலாவது, மூத்தவன் யோசுவா துபாயிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி ஜாடி. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம், வாய்க்குக் கீழே சுற்றிலும் ஒரு தங்கக் கோடு. சரோஜத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் அந்தத் தங்கக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படி ஊற்றினால் ஜீனியா ஐந்து நாள் வாடாது.

ஜீனியாக் காம்புகளைத் தண்ணீருக்குள் வைத்தே சரிவாக வெட்டினாள். கீழ் இலைகளை உருவிப் போட்டாள். உயரமானது நடுவில், குட்டையானது ஓரத்தில், இடையிடையே சீப்புப் போலப் பன்ன இலை. ஜாடியைப் புதுச் சன்னல் படியில், தூணுக்குப் பக்கமாக வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். அழுக்குச் சிமெண்ட் சுவர்கூடக் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

"எந்தொரு பவுசு!" என்று அஜிதா அம்மாவின் தோளில் தாடையை வைத்தாள். "மாமி வந்தா என்னைப் பாக்கமாட்டாவ. பூவைத்தான் பாப்பாவ, கேட்டோ."

"பாக்கட்டும், நல்லதுக்குத்தான்" என்றாள் சரோஜம்.

சொல்லும்போதே அவள் முகம் வாடிப்போனது. காரணம் இல்லாமல் இல்லை. முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை விபினின் அம்மா ஜெபமலர் நேருக்கு நேராக ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு முன்ன இந்தப் பிள்ளைக்கு வேற எங்கயாவது பேசி நிச்சயம் ஆகி நின்னுபோனது உண்டா?" வேதமாணிக்கம் கண் இமைக்காமல் "இல்லை" என்றார். ஆனால் அஜிதாவுக்கு மார்த்தாண்டத்தில் ஓர் இடத்தில் மோதிரம் மாற்றி, பத்திரிகை அடித்து, அந்த மாப்பிள்ளை வீட்டார் கைவிட்டுப் போய் இன்னும் இரண்டு வருஷம் முழுசாக ஆகவில்லை.

ஒன்பது மணிக்குப் பீங்கான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்த சரோஜம் சன்னல் முன்னால் நின்றுவிட்டாள். கண்ணாடி ஜாடியில் தூண் பக்கத்துத் தண்ணீர் தங்கக் கோட்டைத் தாண்டி ஓர் அரிசி அளவு மேலே நின்றது. மறுபக்கம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

'நான் சரியா வைக்கல்லியா?' என்று ஜாடியை இடம் வலமாகத் திருப்பி வைத்தாள். அப்போதும் தூண் பக்கம்தான் தண்ணீர் ஏறி நின்றது. ஆக, ஜாடியில் கோளாறு இல்லை.

"இஞ்ச பாருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

வேதமாணிக்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "சன்னல் படி பூச்சு கொஞ்சம் சரிவா இருக்கும். அதுக்குப் போயி!"

"காலையில சரியாட்டு இருந்துது. கோட்டுக்கு நேரா நான்தான ஊத்தினேன்."

"கொத்தன் வேலையில நீ எப்ப பாஸானே? போ, போயி அச்சுமுறுக்குக்கு மாவு கரை."

மாவு கரைத்தாள். கை மாவில் இருந்தது, காது முன்னறையில் இருந்தது. மேலே மாடி அறைச் சுவருக்காக இரண்டு ஆட்கள் செங்கலை ஏற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கல் விழும்போதும் மாவு கலக்கும் கையை நிறுத்தி மேலே பார்த்தாள். எத்தனை கல்! எத்தனை பாரம்! தளத்தை நேற்றுவரை கம்புகள் தாங்கின, இன்றைக்கு அத்தனையும் அந்த ஒற்றைத் தூண் தாங்குகிறது.

பதினோரு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அரிசி அளவு இப்போது பயறு அளவாகியிருந்தது.

பின்வாசலுக்கு ஓடி, டீ குடித்துக்கொண்டிருந்த சொரிமுத்துவைப் பிடித்தாள். "மேஸ்திரி, அந்தச் சன்னல் படியில ஒருக்கா ரசமட்டம் வச்சுப் பாருமே."

சொரிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தென்காசிப் பக்கத்துக்காரர். இருபது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் கொத்து வேலை. "நான் வச்ச படியம்மா அது. முந்தாநேத்து மட்டம் பாத்துத்தான் பூசினேன். எங்கிட்டயா சந்தேகம்?"

"சந்தேகமில்ல மேஸ்திரி, பயம். ஒருக்காப் பாருமே."

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ரசமட்டத்தைப் படியில் வைத்தார். குமிழி நடுவில் நிற்காமல் தூணுக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் ஓடியது. வெளியே போய்த் தூணின் மேல் முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். நூல் அடியில் தூணை விட்டு இரண்டு விரல் விலகி நின்றது.

நூலைச் சுருட்டாமலே திரும்பி வந்தார்.

"அம்மா, தூண் நிக்கிற எடத்துல முன்ன என்ன இருந்திச்சு?"

"பூப்பாத்தி."

"அதுக்கு முன்ன?"

சரோஜம் வாயைத் திறந்தாள். பதினாறு வருஷத்துக்கு முந்தியது. மறந்தே போயிருந்தது. "பழைய கக்கூஸ் குழி. ஆனா அதைக் கல்லு போட்டு நெரப்பியாச்சு, மேஸ்திரி. சாருதான் நின்னு நெரப்பினாவ."

"கல்லு போட்ருந்தா இப்படி இறங்காதே" என்று சொரிமுத்து முனகினார். "அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்ன, இங்க குழி, கெணறு உண்டுமான்னு காண்டிராக்டர் ஸ்ரீகண்டன் சார் உங்க சார்கிட்ட கேட்டாரு. இல்லைன்னுட்டாரு. தோண்டினப்ப மேல செம்மண்ணுதான் இருந்திச்சு, நாங்களும் நம்பிட்டோம்."

அவர் மேலே பார்த்து ஓங்கிக் குரல் கொடுத்தார். "ஏலே, கல்லை வச்சுட்டுக் கீழ இறங்குங்க! ஒருத்தன் மேல நிக்கப்பிடாது!" பிறகு சரோஜத்திடம் திரும்பினார். "ரெண்டு நாள் மழை வேற உள்ள இறங்கியிருக்கு. கம்பெல்லாம் விழிஞ்ஞம் சைட்டுக்குப் போயிருச்சு. பூத்துல போன் பண்ணி லாரியைத் திருப்புதேன். அதுவரைக்கும் முன்னறைக்குள்ள ஒருத்தரும் போகாதீங்க. சொல்லிட்டேன்."

வீட்டு போன் சுவர் இடித்த அன்றே செத்துப்போயிருந்தது. சொரிமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

கடைக்குப் போயிருந்த வேதமாணிக்கம் ஒரு மணிக்குத்தான் திரும்பினார். பின்னறையில், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே மேஜை போட்டு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சரோஜம் கதவைச் சாத்தினாள்.

"அந்தக் குழியில கல்லுதான போட்டிய?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவர் நிமிரவில்லை. சட்டைத் துணி பொசுங்கும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்.

"கேக்கேன்லா? கல்லுதான போட்டிய?"

"அந்த வருஷம் கல்லு கெடைக்கல்ல, சரோஜம். அஜிதாவுக்கு அப்ப ஒன்பது வயசு, யோசுவாவுக்கு டைபாய்டு. எனக்கு லீவும் இல்ல. தேங்கா மட்டையும் சருகும் ஒடஞ்ச ஓடும் போட்டு, மேல ரெண்டடி மண்ணு வெட்டிப் போட்டேன்."

"கல்லு ரெண்டு லோடு போட்டாச்சுன்னு எங்கிட்டச் சொன்னிய."

"சொன்னேன்."

"ஸ்ரீகண்டன் கேட்டப்பவும் குழியே இல்லைன்னிய."

"மண்ணு இறுகியிருக்கும்னு நெனச்சேன். கக்கூஸ் குழி மேல மாப்பிளை வீட்டுக்காரவியளை உக்காரவைக்குதோம்னு ஊருக்குச் சொல்லவா?"

பதினாறு வருஷம் மக்கிய மட்டையும் சருகும். ஜீனியா நெஞ்சு உயரம் வளர்ந்த மாயம் இதுதானா! ஏலத்தில் அவள் தலை நிமிர்ந்து நின்றதெல்லாம் இந்தக் குழியின் தயவா! அந்த நேரத்திலும் அவளுக்குக் கோபத்தில் அழுகை முட்டியது.

"அவிய வந்தா முன்னறையில இருத்தாண்டாம். கிணத்தடியில நாற்காலி போடுவோம்."

"கிணத்தடியிலயா? பெண்ணு பேசின வீட்டுல சம்பந்தியைக் கிணத்தடியில இருத்தினா என்ன நெனப்பாவ? பதினஞ்சு நாள் தாங்கின தூணு இன்னும் ஒரு மணி நேரம் தாங்காதா? வந்து, பாத்து, டீ குடிச்சிட்டுப் போகட்டும். அதுக்குப் பொறவு இடிச்சாலும் இடிப்போம்."

"தாங்கினது தூணில்ல, கம்பு!"

அவர் முன்னறைக்கு நடந்தார். சரோஜம் வீட்டைச் சுற்றி வந்து வெளிவாசற்படியில் நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்க வரவில்லை. வேதமாணிக்கம் சன்னல் பக்கம் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். அட்டையைக் கிழித்து, நாலாக மடித்து, ஜாடியின் தூண் பக்கத்து அடியில் செருகினார். தண்ணீர் மெல்ல ஆடித் தங்கக் கோட்டோடு ஒட்டி நின்றது.

"இப்ப நேராயிட்டுல்லா?" என்றார்.

ஐயோ, மனுஷா! என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அதற்குள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மணி ஒன்றரைகூட ஆகவில்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஏத்தம்பழக் குலையோடு ஜெபமலர் டீச்சர் வந்துகொண்டிருந்தார். பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை எதிராளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

"மத்தியானம் ஸ்கூல் இல்ல, பஸ்ஸும் ஒடனே கெடச்சு. சீக்கிரம் வந்ததுல உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லல்லா, மைனி?"

"இல்ல மைனி, வாங்க. இப்படிப் பின்பக்கமா..." என்று சரோஜம் கையை நீட்டினாள்.

"வாங்க, வாங்க! முன்னாலயே வாங்க!" என்று வேதமாணிக்கம் குறுக்கே புகுந்துவிட்டார்.

டீச்சர் நேராக முன்னறைக்குள் போனார். போனவர் சும்மா இருந்தாரா? நேராகச் சன்னலுக்கே போனார். "அம்மாடி, எவ்வளவு பெரிய ஜீனியா! இது எந்த விதை மைனி? எனக்கும் ரெண்டு தரணும்" என்று ஜாடிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே, தூணை ஒட்டி, உட்கார்ந்துகொண்டார்.

வேதமாணிக்கம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. "அஜிதா, டீ கொண்டா மோளே" என்று குரல் கொடுத்தார். பின்னால் அடுக்களையிலிருந்து "தா வாறேன்" என்ற பதில் வந்தது.

சரோஜம் வாசற்படியிலேயே நின்றாள். டீச்சர் என்னென்னவோ கேட்டார். விபினுக்கு நெய்யாற்றின்கரைக்கு மாற்றல் வரப்போகிறது என்றார். சரோஜத்தின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் கண் தங்கக் கோட்டிலேயே இருந்தது. கர்த்தாவே, அசையாதிருக்கட்டும். ஒரு டீ. ஒரு டீ குடித்து முடிக்கும்வரை. லாரி வரும்வரை.

'டிக்.'

டீச்சர் பேச்சை நிறுத்தினார். "என்ன சத்தம்?"

"ஒண்ணும் இல்ல, வெயில்ல காயும்போ சிமெண்டு சத்தம் போடும்" என்றார் வேதமாணிக்கம்.

தீப்பெட்டி அட்டை வைத்து நேராக்கிய தண்ணீர், சரோஜத்தின் கண் முன்னாலேயே, தூண் பக்கம் தங்கக் கோட்டை மூடிக்கொண்டு மேலே ஏறியது. அரிசி அளவைத் தாண்டிப் பயறு அளவுக்கு வந்தது. காலையில் இரண்டு மணி நேரம் பிடித்தது இப்போது நாலு வார்த்தை பேசுகிற நேரத்தில் நடந்துவிட்டது.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவரும் ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் கெஞ்சினார். சொல்லாதே, இந்தச் சம்பந்தமும் போய்விடும், இனி ஒன்று வராது என்று அந்தக் கண் சொன்னது. சரோஜத்துக்கும் அது தெரியாதா? மார்த்தாண்டத்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த ராத்திரி அஜிதா எப்படிக் கிடந்தாள் என்று பார்த்தவள் அவள்தானே.

ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"மைனி, எந்திச்சு வெளிய வாங்க."

"என்னது?"

"இந்தத் தூணு இறங்குது. அடியில பழைய கக்கூஸ் குழி. கல்லு போடாம மட்டையும் சருகும் போட்டு மூடினது. கும்பிட்டுக் கேக்கேன், ஒடனே வெளிய வாங்க!"

டீச்சர் அவளைப் பார்த்தார், வேதமாணிக்கத்தைப் பார்த்தார், குடையைக்கூட எடுக்காமல் எழுந்து விறுவிறுவென்று முற்றத்துக்கு இறங்கினார்.

வேதமாணிக்கம் எழவில்லை. இரண்டு கையாலும் நாற்காலிப் பிடியைப் பிடித்தபடி இருந்தார். "என் மானத்தை வாங்கிட்டியே" என்றார், பாதிக் குரலில்.

மேலே பீமும் பழைய சுவரும் சேர்கிற இடத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு ஓடிற்று. அதிலிருந்து பொடிப் பொடியாகச் சிமெண்ட் உதிர்ந்தது. காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தவள், பதினோரு மணிக்குப் பிறகு அந்த அறைக்குள் கால் வைக்காதவள், எப்படி உள்ளே போனாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. போனாள். புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவரை அப்படி இழுத்ததில்லை. நாற்காலி கவிழ்ந்தது. இரண்டு பேரும் வாசற்படி தாண்டி மணல் குவியலில் முட்டிபோட்டு விழுந்தார்கள்.

பின்னால் பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. 'உஸ்' என்று மண் மூச்சு விடுகிற சத்தம். ஜீனியாப் பாத்தி நடுவில் குழிந்தது. தூண் ஒரு சாண் உள்ளே போனது. சன்னல் சட்டம் நொறுங்கியது, சன்னல் படி இரண்டாக முறிந்தது. கண்ணாடி ஜாடி வழுக்கிக்கொண்டு வந்து, டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேலேயே விழுந்து சிதறியது. அதன்மேல் ஒரு சிமெண்ட் பாளம். தளம் பழைய சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

தூசி அடங்குவதற்குள் சொரிமுத்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "உள்ள ஆளு இருக்கா? மேல?"

"ஒருத்தரும் இல்ல" என்றாள் சரோஜம். விழுந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்தாள்.

ஜெபமலர் டீச்சர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து சரோஜத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு உயிரு தந்தீங்க மைனி" என்றார். சரோஜத்துக்கு அப்போதுதான் அழுகை உடைந்தது.

"காண்டிராக்டர் கேட்டப்ப குழி இல்லைன்னு சார் சொன்னதை நம்பித்தானே தோண்டினோம்" என்று சொரிமுத்து குழிந்த பாத்தியைப் பார்த்து முனகினார். டீச்சரின் பார்வை வேதமாணிக்கத்தின் மேல் போய் நின்றது.

"காண்டிராக்டர் குழி உண்டுமான்னு கேட்டப்ப நீங்க இல்லைன்னு சொன்னியளாக்கும்?"

சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். வேதமாணிக்கம் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"பெண்ணு பாக்க வந்த அண்ணைக்கு நானும் இந்த வீட்டுல ஒரு கேள்வி கேட்டேன்" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "அதுக்கும் இல்லைன்னுதான் சொன்னிய. இப்ப இன்னொருக்காக் கேக்கேன்."

சரோஜம் டீச்சரின் மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். அந்த வாயில் என்ன வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷமாகக் கேட்ட வார்த்தை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு அஜிதா முற்றத்துக்கு வந்தாள். டீத் தட்டு அப்படியே கையில் இருந்தது. அவள் தட்டைச் செங்கல் அடுக்கின்மேல் மெல்ல வைத்தாள்.

"அப்பா ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள். "மாமி, நான் சொல்லுதேன்."